யூசிசி கன்டினியுவேஷன் எல்லாத்தையும் இப்பவே மொத்தமா போட்டுடலாமா? பேர் சர்ச்லயும் ஒரு குழப்பம்

எடிசன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சில ஒரு சின்ன எக்விப்மென்ட் ஃபைனான்ஸ் கம்பெனில ஆபரேஷன்ஸ்ல இருக்கேன். பல் டாக்டருங்களுக்கு சேர், எக்ஸ்ரே மெஷின், ரெஸ்டாரன்ட்காரங்களுக்கு அடுப்பு, கூலர், அப்புறம் பிரிண்டிங் மெஷின், இதுக்கெல்லாம் லோன் குடுக்குறோம். ஒவ்வொரு லோனுக்கும் அந்த மெஷின் மேல எங்களுக்கு லீன் (கடன் கட்டலன்னா மெஷின எடுத்துக்குற உரிமை) இருக்குன்னு ஸ்டேட் ஆபீஸ்ல யூசிசி-1ங்கிற நோட்டீஸ் ஃபைல் பண்ணுவோம்ல, அந்த வேலைய ரொம்ப வருஷமா பாத்துட்டிருந்த அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க, இப்ப மொத்தமும் என் தலைல வந்து விழுந்திருக்கு. கைக்கு வந்தது ஒரு எக்செல் ஷீட் மட்டும்தான். அதுல கஸ்டமர் பேர், ஸ்டேட், ஃபைல் நம்பர், கடைசியா ஃபைல் பண்ண தேதி, அந்த தேதியோட 5 வருஷம் கூட்டி எக்ஸ்பைரின்னு ஒரு கட்டம், அவ்ளோதான்.

மூணு விஷயம் கேக்கணும். 2021ல நிறைய லோன் குடுத்திருக்கோம், அதெல்லாம் 2026ல வரிசையா முடியுது. மேனேஜர் என்ன சொல்றார்னா எதுக்கு ஒவ்வொண்ணா தேதி பாத்துட்டு உக்காந்திருக்கீங்க, 2027, 2028ல முடியறதையும் சேத்து எல்லாத்துக்கும் இப்பவே யூசிசி-3 கன்டினியுவேஷன் (ஃபைலிங்க இன்னும் 5 வருஷம் நீட்டுற ஃபார்ம்) போட்டு விட்டுருங்க, ஃபீஸ் தானே ஆகும்ங்கிறார். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுக்கு ஒப்பல.

ரெண்டாவது, ஒரு கஸ்டமர் டெலவேர்ல ரெஜிஸ்டர் ஆன எல்எல்சி (ஒரு வகை கம்பெனி), ஆபீஸ் இங்க எடிசன்ல. புதுசா இன்னொரு மெஷினுக்கு லோன் கேட்டாங்க, சரின்னு டெலவேர்ல கஸ்டமர் பேர போட்டு லீன் சர்ச் பண்ணா எங்க பழைய ஃபைலிங்கே ரிசல்ட்ல வரல! விசாரிச்சா போன வருஷம் எல்எல்சி பேர மாத்திட்டாங்களாம். எங்ககிட்ட யாரும் சொல்லல. எங்க லீன் இருக்கா போச்சா?

மூணாவது, புதுசா வர்ற ஒரு டென்டிஸ்ட் நம்மூர்க்காரர், கம்பெனி எதுவும் இல்லாம சொந்த பேர்லயே பிராக்டிஸ் பண்றார். அவர் பாஸ்போர்ட்ல சர்நேம் கிடையாது, அதனால டிரைவர் லைசென்ஸ்ல ஃபர்ஸ்ட் நேம் இடத்துல எஃப்என்யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பேர் தெரியலன்னு) போட்டு அவர் பேர லாஸ்ட் நேமா போட்டிருக்காங்க. கிளினிக் போர்டுல அப்பா பேரோட சேத்து வேற மாதிரி இருக்கு. எந்த பேர்ல ஃபைல் பண்றது?

தெரிஞ்சவங்க சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.

கொங்குநாடன்:

சகோ, நான் ஒரு லா ஃபர்ம்ல ஃபைனான்ஸ் டீம்ல பாராலீகல், தினமும் இதே வேலைதான். முதல்ல உங்க மேனேஜர் சொல்றத தயவு செஞ்சு பண்ணாதீங்க. யூசிசி சட்டத்தோட ஆர்ட்டிகிள் 9ல 9-515ங்கிற பிரிவ எடுத்து படிச்சு காட்டுங்க அவருக்கு. யூசிசி-1 ஃபைல் பண்ண நாள்ல இருந்து 5 வருஷம் உயிரோட இருக்கும், கன்டினியுவேஷன அந்த 5 வருஷம் முடியறதுக்கு முன்னாடி இருக்குற கடைசி 6 மாசத்துக்குள்ள மட்டும்தான் ஃபைல் பண்ணலாம். அதுக்கு ஒரு நாள் முன்னாடி போட்டாலும் செல்லாது. சீக்கிரமா வந்தா ஃபைலிங் ஆபீஸ் திருப்பி அனுப்பலாம், அப்படி அனுப்புனா உங்க அதிர்ஷ்டம், உடனே தெரிஞ்சிரும். அவங்க கவனிக்காம ஏத்துக்கிட்டு ரெக்கார்ட்லயும் ஏத்திட்டாங்கன்னு வைங்க, பாக்கறதுக்கு கன்டினியூ ஆன மாதிரியே இருக்கும், நீங்களும் முடிஞ்சிதுன்னு ஷீட்ல டிக் போட்டுட்டு போயிருவீங்க, ஆனா சட்டப்படி அது ஃபைலே பண்ணாத மாதிரிதான்.

இப்ப உங்க ஷீட்டுக்கு வரேன், படிச்சதும் திக்குன்னு ஆச்சு எனக்கு. "கடைசியா ஃபைல் பண்ண தேதி"யோட 5 வருஷம் கூட்டியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு, ரொம்ப ஆபத்தான தப்பு. 5 வருஷம் எண்ண வேண்டியது முதல்ல போட்ட யூசிசி-1 தேதில இருந்து. உதாரணத்துக்கு 2021 மே 18ல யூசிசி-1 போட்டீங்க, 2023ல கஸ்டமர் அட்ரஸ் மாறுச்சுன்னு ஒரு யூசிசி-3 அமென்ட்மென்ட் (திருத்தம்) போட்டீங்க. உங்க ஷீட் 2028ன்னு காட்டும். நிஜத்துல அது 2026 மே 18ல முடியுது, கன்டினியுவேஷன் விண்டோ 2025 நவம்பர் 18லயே தொறந்துருச்சு. அமென்ட்மென்ட் எதுவும் ஆயுச நீட்டாது, கன்டினியுவேஷன் மட்டும்தான் நீட்டும். கன்டினியுவேஷன் போட்டதுக்கு அப்புறமும் கணக்கு மாறாது, அதே ஃபைலிங்க 2026 பிப்ரவரில கன்டினியூ பண்ணீங்கன்னா அடுத்த முடிவு 2031 மே 18, பிப்ரவரி கிடையாது. ஆக ஷீட்ல ஒரு தேதிய நம்பாதீங்க, ஒவ்வொரு ஃபைல் நம்பரையும் ஸ்டேட் சைட்ல போட்டு ஒரிஜினல் தேதியையும் லாப்ஸ் (காலாவதி) தேதியையும் நேர்ல பாத்து புதுசா எழுதுங்க. சலிப்பான வேலைதான், ஆனா வேற வழி கிடையாது.

லாப்ஸ் ஆனா என்ன ஆகும்னு மேனேஜர் கேட்டா இப்படி சொல்லுங்க. நீங்க 2021ல போட்டீங்க, 2023ல வேற ஒரு பேங்க் அதே கஸ்டமரோட எல்லா சாமான் மேலயும் லீன் போட்டிருக்கு, அவங்க ரெண்டாவது இடத்துல நிக்கிறாங்க. உங்களது லாப்ஸ் ஆச்சுன்னா அந்த பேங்க பொறுத்தவரைக்கும் உங்க லீன் ஒருநாளும் பெர்ஃபெக்ட் ஆகவே (மத்தவங்களுக்கு எதிரா செல்லுபடி ஆகவே) இல்லன்னு சட்டம் எடுத்துக்கும், அவங்க முதல் இடத்துக்கு வந்துருவாங்க. மறுநாளே நீங்க புது யூசிசி-1 போட்டாலும் புது தேதிதான், வரிசையில கடைசி. அந்த கஸ்டமர் 90 நாளைக்குள்ள பாங்க்ரப்ட்சி (திவால்) போனா அந்த புது ஃபைலிங்கையும் பிரிஃபரன்ஸ் (திவாலுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மட்டும் குடுத்த சலுகை)னு சொல்லி உடைக்க பாப்பாங்க. அப்புறம் இன்னொரு நம்பிக்கை நிறைய பேருக்கு இருக்கு, கஸ்டமர் பாங்க்ரப்ட்சில இருக்கான், ஸ்டே (வசூல் நடவடிக்கைக்கு தடை) இருக்கு, அதனால கன்டினியுவேஷன் போடக் கூடாது இல்ல போட வேணாம்னு. 2001க்கு முன்னாடி இருந்த பழைய சட்டத்துல அந்த நேரத்துல ஓட்டம் நின்னு இருக்கும். இப்ப அப்படி இல்ல, நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும், கன்டினியுவேஷன் போடறத ஸ்டே தடுக்கவும் செய்யாது. போட்டே ஆகணும்.

பேர் மாத்துன எல்எல்சி விஷயம். உங்க பழைய லோன்ல இருக்குற மெஷினுக்கு பயம் இல்ல, பேர் மாறுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட இருந்த கொலாட்டரலுக்கும் (கடனுக்கு ஈடா இருக்குற பொருளுக்கும்), மாறி 4 மாசத்துக்குள்ள அவங்க வாங்குனதுக்கும் பழைய ஃபைலிங்கே செல்லும். 4 மாசத்துக்கு அப்புறம் வாங்குனதுக்கு செல்லணும்னா அந்த 4 மாசத்துக்குள்ள புது பேர போட்டு யூசிசி-3 அமென்ட்மென்ட் பண்ணியிருக்கணும். இனி வாங்குற மெஷினுக்கு புது பேர்ல புது யூசிசி-1 போட்டுருங்க, மெஷின் அவங்க கைக்கு போய் 20 நாளைக்குள்ள போட்டா வாங்குறதுக்கே குடுத்த கடன்ங்கிற முன்னுரிமையும் கிடைக்கும். பழைய ஃபைலிங்கையும் அமென்ட் பண்ணிருங்க, விட்டு வைக்காதீங்க.

வேளச்சேரி_கார்த்தி:

கொங்குநாடன் அண்ணா எழுதுனதோட சர்ச் பக்கத்த மட்டும் நான் சேக்கறேன். நான் சென்னைல இருந்து அமெரிக்க கம்பெனி ஒண்ணுக்கு லீன் சர்ச் ரிப்போர்ட் பண்ற டீம்ல இருக்கேன், ராத்திரி ஷிஃப்ட் பூரா 50 ஸ்டேட் வெப்சைட்லதான் வாழ்க்கை.

ஒவ்வொரு ஸ்டேட் சிஸ்டத்துக்கும் ஒரு சர்ச் லாஜிக் இருக்கும். பெரும்பாலும் எல்எல்சி, இன்க் மாதிரி கடைசி வார்த்தைய தூக்கிரும், கமா புள்ளிய கண்டுக்காது, பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது. கிட்டத்தட்ட அவ்ளோதான் அதோட தாராளம். மத்தபடி எழுத்து எழுத்தா பொருந்தணும். சட்டம் என்ன சொல்லுதுன்னா நீங்க தப்பான பேர்ல ஃபைல் பண்ணியிருந்தாலும், சரியான பேர போட்டு ஸ்டேட்டோட சொந்த லாஜிக்ல தேடும்போது உங்க ஃபைலிங் வெளிய வந்துச்சுன்னா தப்பிச்சீங்க, வரலன்னா அந்த ஃபைலிங் செல்லாது. 2022ல ஃப்ளோரிடா சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ், கம்பெனியோட பதிவு பேர்ல பூல்வார்ட்னு முழுசா இருக்கு, பேங்க் ஃபைல் பண்ணப்போ அத பிஎல்விடின்னு சுருக்கி எழுதிட்டாங்க. அப்ப ஃப்ளோரிடா சைட்ல தேடுனா ஒரு பக்கத்துக்கு 20 பேர் வரிசையா வந்துச்சு, முன்னாடி பின்னாடி தள்ளி தள்ளி பாக்க முடிஞ்சுது. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா இது லாஜிக்கே கிடையாது, வெறும் பட்டியல், அதனால தப்புக்கு இங்க மன்னிப்பும் கிடையாது, பேங்க் ஃபைலிங் செல்லாதுன்னு. ஒரு தெரு பேர சுருக்கினதுக்கு! யூட்டால 2006ல இன்னொண்ணு, கேடபிள்யூஎம்ங்கிற மூணு எழுத்துக்கு நடுவுல புள்ளி, இடைவெளி இந்த வித்தியாசம்தான், லீன் போச்சு.

அதனால எல்எல்சி பேர இன்வாய்ஸ்ல இருந்தோ லெட்டர்ஹெட்ல இருந்தோ எடுக்காதீங்க. குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்ல (கம்பெனி ஒழுங்கா நடப்புல இருக்குன்னு ஸ்டேட் தர்ற சான்று) இருந்தும் எடுக்காதீங்க. ஸ்டேட்ல தாக்கல் பண்ண ஃபார்மேஷன் டாக்குமென்ட், அதுக்கு மேல வந்த திருத்தங்கள், அதோட காப்பிய வாங்கி அதுல இருக்குற மாதிரியே டைப் பண்ணுங்க, காப்பி பேஸ்ட் பண்ண முடிஞ்சா இன்னும் நல்லது. ஃபைல் பண்ணி கொஞ்ச நாள் கழிச்சு அதே பேர்ல நீங்களே ஒரு சர்ச் போட்டு உங்க ஃபைலிங் வருதான்னு பாருங்க. அப்ப ரிப்போர்ட்ல த்ரூ டேட்னு ஒரு தேதி இருக்கும், அதுவரைக்கும் வந்த ஃபைலிங்தான் இண்டெக்ஸ்ல ஏறியிருக்குன்னு அர்த்தம். நீங்க 10ம் தேதி ஃபைல் பண்ணி, த்ரூ டேட் 6ம் தேதின்னு இருக்குற ரிப்போர்ட்ட வெச்சிக்கிட்டு எனக்கு முன்னாடி யாரும் இல்லன்னு நிம்மதியா இருக்கக் கூடாது, நடுவுல 4 நாள் இருட்டு.

இன்னொண்ணு, டெலவேர் எல்எல்சின்னா யூசிசி சர்ச் டெலவேர்ல பண்றீங்க, சரி. ஆனா ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) போடற வரி லீன் டெலவேர்ல இருக்காது. கம்பெனியோட தலைமை ஆபீஸ் எங்க இருக்கோ அந்த ஸ்டேட்லதான் போடுவாங்க, உங்க கேஸ்ல நியூஜெர்சி. ஸ்டேட் ஆபீஸா கவுண்டியாங்கிறது அந்தந்த ஸ்டேட் சட்டத்த பொறுத்தது. அதுவும் ஐஆர்எஸ்காரங்களுக்கு நமக்கு இருக்குற அளவு பேர் கண்டிப்பு கிடையாது. மிச்சிகன்ல ஒரு டூல் கம்பெனி கேஸ்ல மேனுஃபேக்சரிங்ங்கிறத எம்எஃப்ஜின்னு சுருக்கி நோட்டீஸ் போட்டாங்க, சரியான பேர்ல தேடுன பேங்குக்கு அது கண்ல படவே இல்ல, ஆனா 2005ல சிக்ஸ்த் சர்க்யூட்ங்கிற மேல்முறையீட்டு கோர்ட் ஐஆர்எஸ் பக்கம்தான் தீர்ப்பு குடுத்துச்சு. அதனால வரி லீனுக்கு மட்டும் சுருக்கம், ஆம்பர்சாண்ட் எல்லாத்தையும் மாத்தி மாத்தி போட்டு தேடணும். இது எரிச்சலான வேலை, நிறைய பேர் பண்றதில்ல, நான் வற்புறுத்தி சொல்றேன், பண்ணுங்க.

கொங்குநாடன்:

கார்த்தி அருமையா சொல்லிட்டீங்க. அந்த டென்டிஸ்ட் கேள்விய விட்டுட்டேன், நம்மாளுங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சனை இது.

2013ல இருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு அப்புறம் பெரும்பாலான ஸ்டேட்ல தனி ஆளோட பேர் அவர் டிரைவர் லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அதுதான். அதுக்கு முன்னாடி எவ்ளோ சண்டை தெரியுமா, கான்சாஸ்ல ஒரு விவசாயி, டெரன்ஸ்னு பேர், ஊர்ல எல்லாரும் டெர்ரின்னு கூப்பிடுவாங்க, டிராக்டர் கம்பெனி டெர்ரின்னே ஃபைல் பண்ணுச்சு, 2004ல கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. உங்க டாக்டருக்கும் அதேதான், கிளினிக் போர்ட மறந்துருங்க. லைசென்ஸ கைல வாங்கி காப்பி எடுங்க, காலாவதி ஆகலையான்னு பாருங்க, ஏன்னா காலாவதி ஆனா லைசென்ஸ் விதி பொருந்தாது. ஃபார்ம்ல சர்நேம், ஃபர்ஸ்ட் பர்சனல் நேம், அடிஷனல் நேம்னு தனித்தனி பெட்டி இருக்கும். லைசென்ஸ்ல எது லாஸ்ட் நேமா இருக்கோ அது சர்நேம் பெட்டில, எஃப்என்யூ ஃபர்ஸ்ட் நேமா இருந்தா அப்படியே ஃபர்ஸ்ட் நேம் பெட்டில. அதோட விடாதீங்க, அதே ஃபார்ம்ல கூடுதல் டெட்டர் (கடன் வாங்குனவர்) பேரா எஃப்என்யூ இல்லாம ஒண்ணு, அப்பா பேரோட சேத்து ஒண்ணு போடுங்க. கூடுதல் பேர் போடறதுல நஷ்டம் எதுவும் இல்ல.

இதுல இன்னொரு கண்ணி. சிட்டிசன்ஷிப் வாங்கும்போது நம்மாளுங்க நிறைய பேர் பேர மாத்திக்குவாங்க, எஃப்என்யூவ தூக்குறதுக்கு அதுதான் நல்ல சந்தர்ப்பம். புது பேர்ல லைசென்ஸ் வந்த அன்னிக்கே உங்களுக்கு அந்த 4 மாச கணக்கு ஆரம்பிச்சிரும். லோன் அக்ரிமென்ட்ல பேர் மாறுனா உடனே தெரிவிக்கணும்னு இருந்தாலும் அவர் மறந்துருவார். வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் காப்பி கேட்டு வாங்குற பழக்கத்த கொண்டு வாங்க.

ரேவதி_ப்ளேனோ:

நான் மறுபக்கத்து ஆளு, கடன் குடுக்கறவ இல்ல, ஆனா இது மத்தவங்களுக்கும் பயன்படும்னு எழுதுறேன். டெக்சாஸ்ல நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ரெஸ்டாரன்ட் வாங்குனோம், அடுப்பு, மாவு கிரைண்டர், ஃப்ரீசர் எல்லாம் சேத்து. விக்கறவர் தெரிஞ்சவர், லோன் எதுவும் இல்ல அக்கா, ஒரு கோவிட் லோன் மட்டும் என் பேர்ல இருக்கு, அது நான் கட்டிக்கிறேன்னு சொன்னார். எங்க அட்டர்னி ஒத்துக்கல, சர்ச் பண்ணாம செக் எழுதக் கூடாதுன்னு நின்னுட்டார். ஹோட்டல் போர்டுல இருந்த பேர்ல தேடுனா ஒண்ணும் வரல, அவரோட எல்எல்சி பேர்ல தேடுனா எஸ்பிஏ (சின்ன பிசினஸ்களுக்கான மத்திய அரசு ஆபீஸ்) லீன் வந்து நிக்குது, எல்லா சாமான் மேலயும். 25,000 டாலருக்கு மேல வாங்குன கோவிட் ஈஐடிஎல் (எஸ்பிஏ குடுத்த பேரிடர் கடன்) லோனுக்கெல்லாம் அப்படித்தான் போட்டிருக்காங்க. லீன ரிலீஸ் பண்ணாம நாங்க வாங்கியிருந்தா அந்த லீன் சாமான் கூடவே எங்ககிட்ட வந்திருக்கும். கடைசில நாங்க குடுத்த பணத்துலயே அட்டர்னி மூலமா எஸ்பிஏக்கு கட்ட வேண்டியத கட்டி, டெர்மினேஷன் (லீன் ஃபைலிங் முடிஞ்சுதுன்னு சொல்ற ஃபார்ம்) ஃபைல் ஆக வேண்டியதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு, மிச்சம்தான் அவருக்கு போச்சு.

அந்த லோனெல்லாம் 30 வருஷ லோன், ஆனா லீன் ஃபைலிங் 5 வருஷம்தானே, 2020ல போட்டது 2025ல முடியும், கன்டினியூ பண்ணியிருந்தா 2030 வரைக்கும் ஓடும். இப்ப கடை வாங்கறவங்க பழைய ரிப்போர்ட்ட நம்பாம புதுசா சர்ச் எடுங்க. ஒருவேளை லாப்ஸ் ஆகியிருந்தாலும் கடன் அப்படியே இருக்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

நான் ஒண்ணு கேக்கட்டுமா, கடன் கட்டி முடிச்சதுக்கு அப்புறம் லீன எடுக்க மாட்டேங்கறாங்களே சில பேர், ஒரு மெஷின் லோன் எங்களுக்கே முடிஞ்சு போச்சு, ஃபைனான்ஸ் கம்பெனி கண்டுக்கவே மாட்டேங்குது, அதுக்கு என்ன பண்றது?

கொங்குநாடன்:

ரேவதி அக்கா, உங்களது பிசினஸ் லோன்ங்கறதால நீங்க எழுத்துல கேக்காத வரைக்கும் அவங்க எடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஃபோன்ல கேட்டா கணக்குல வராது. கையெழுத்து போட்டு, ஃபைல் நம்பர குறிப்பிட்டு, 9-513 படி டெர்மினேஷன் வேணும்னு டிமாண்ட் லெட்டர் அனுப்புங்க. கைக்கு கிடைச்சு 20 நாளைக்குள்ள பண்ணணும். பண்ணலன்னா நஷ்டத்தோட 500 டாலர் தனியா கேக்க சட்டத்துல இடம் இருக்கு, அப்புறம் நீங்களே டெர்மினேஷன் ஃபைல் பண்ணவும் வழி இருக்கு, ஆனா அத அட்டர்னி மூலமா பண்ணுங்க.

எடிசன்வாசி, இத நீங்களும் படிங்க. டெர்மினேஷன் போடும்போது ஃபைல் நம்பர ரெண்டு பேர் தனித்தனியா சரி பாக்கணும். ஜெனரல் மோட்டார்ஸ் கேஸ் தெரிஞ்சிருக்கும். 2008ல சுமார் 300 மில்லியன் டாலர் லீஸ் ஒண்ண அடைச்சாங்க, அதுக்கு டெர்மினேஷன் போட பட்டியல் தயாரிச்சப்போ சம்பந்தமே இல்லாத இன்னொரு யூசிசி-1 நம்பரும் உள்ள வந்துருச்சு. அது ஜேபி மோர்கன் நடத்துன 1.5 பில்லியன் டாலர் டெர்ம் லோனோட ஃபைலிங். ரெண்டு பக்கத்து வக்கீலும் பாத்தாங்க, ஒருத்தர் கண்லயும் படல. 2009 ஜூன்ல ஜிஎம் பாங்க்ரப்ட்சி போனப்புறம்தான் வெளிய வந்துச்சு. எங்களுக்கு அந்த எண்ணமே இல்லன்னு பேங்க் வாதாடுச்சு, 2015ல செகண்ட் சர்க்யூட் கோர்ட் அந்த டாக்குமென்ட்ட ஃபைல் பண்ண நீங்கதானே அனுமதி குடுத்தீங்க, அது போதும், டெர்மினேஷன் செல்லும்னு சொல்லிருச்சு.

எடிசன்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கொங்குநாடன் அண்ணா சொன்னத படிச்சதும் ஷீட்ல அமென்ட்மென்ட் இருக்குற ஃபைலிங்க மட்டும் முதல்ல எடுத்து ஸ்டேட் சைட்ல பாத்தேன். பிரிண்டிங் மெஷின் லோன் ஒண்ணு, ஷீட்ல 2028ன்னு இருக்கு, ஒரிஜினல் யூசிசி-1 2021, விண்டோ ஏற்கனவே தொறந்து ஓடிட்டிருக்கு. மேனேஜர்கிட்ட ஸ்க்ரீன காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாருங்க, இன்னொரு ஆள கூட தரேன்னுட்டார். டாக்டர்கிட்டயும் லைசென்ஸ் காப்பி கேட்டிருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம், வேற கம்பெனி குடுத்திருந்த லோன்ல கொஞ்சத்த நாங்க விலைக்கு வாங்கியிருக்கோம், அதுல ரெக்கார்ட்ல இன்னும் பழைய கம்பெனி பேர்தான் இருக்கு. கன்டினியுவேஷன் நாங்க போடலாமா?

கொங்குநாடன்:

ரெக்கார்ட்ல யார் செக்யூர்ட் பார்ட்டியோ (லீன் வெச்சிருக்குறவரோ) அவங்க அனுமதி வேணும். லோன விலைக்கு வாங்குன அக்ரிமென்ட்ல அந்த அனுமதி எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா முதல்ல ஒரு யூசிசி-3 அசைன்மென்ட் போட்டு உங்க பேருக்கு மாத்துங்க, அப்புறம் தனியா இன்னொரு யூசிசி-3ல கன்டினியுவேஷன். ரெண்டையும் ஒரே ஃபார்ம்ல அடைக்காதீங்க. விண்டோ முடிய கொஞ்ச நாள்தான் இருக்குன்னா பழைய கம்பெனிய இன்னிக்கே கூப்பிட்டு கன்டினியுவேஷன் போட எழுத்துல அனுமதி வாங்கிருங்க, அசைன்மென்ட் அப்புறமா பண்ணிக்கலாம்.